நீங்கள் என்றாள் ரஞ்சினி

"நாங்கள் நல்ல சுகம். நீங்கள் எப்பிடி இருக்கிறீங்கள்? அங்கை மழையோ?"

போனை வைத்த பிறகும் புஸ்பராணியின் காதுக்குள் அந்த 'நீங்கள்' கிடந்து குடைந்தது. ஐம்பது வருசத்துக்கு மேலான பழக்கத்தில் ரஞ்சினி அவளை 'எடியே' என்றிருக்கிறாள், 'மூதேவி' என்றிருக்கிறாள், ஒருமுறை கோயில் வாசலில் வைத்து எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக 'விசரி' என்றும் பேசியிருக்கிறாள். நீங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கேத்திலைப் போட்டாள். தண்ணீர் கொதித்து அடங்கியது. தேத்தண்ணி ஊற்றாமலே யன்னலடிக்குப் போய் நின்றாள். திரும்பி வந்து மறுபடி கேத்திலைப் போட்டாள். சிட்னியில், நார்த்மீட்டில் அவளுடைய யூனிற் வீடு சின்னது. குசினியிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து படுக்கையறைக்கும் நடந்தால் நடை முடிந்துவிடும். அன்று அவள் அதை எத்தனை தரம் நடந்தாளோ தெரியாது. பிறகு காரை எடுத்துக்கொண்டு ஹரிஸ் பார்க் வரைக்கும் போனாள். கடைக்குள் நுழைந்து, மிளகாய்த்தூள் பைக்கற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

என்ன கோபமாக இருக்கும்?

இருவரும் முதன்முதல் சந்தித்தது கொழும்பு ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில். பக்கத்துப் பக்கத்துக் கதிரை. காதில் ஹெட்போனை மாட்டி, ட்ரங் கோல் கேட்பவர்களுக்கு ஊர் ஊராக இணைத்துக் கொடுக்கும் வேலை. ரஞ்சினிக்குக் குரல் என்றால் அப்படியொரு பிடிப்பு. எதிர்ப்பக்கத்தில் "ஹலோ" என்ற ஒரு சத்தம் வந்தால் போதும், "இது கொட்டாஞ்சேனை புடவைக்கடை முதலாளி, இண்டைக்குத் தடிமன் போல" என்று புஸ்பராணியின் காதுக்குள் சொல்லிச் சிரிப்பாள். கலவரத்துக்குப் பிறகு இருவரும் குடும்பங்களோடு ஒருவர் பின் ஒருவராகச் சிட்னிக்கு வந்தார்கள். ரஞ்சினி டூங்கபியில் வீடு பார்த்தாள், புஸ்பராணி நார்த்மீட்டில். இங்கேயும் வேலை ஒரே இடத்தில்தான் வாய்த்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குசினியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது. பென்சன் எடுக்கும்வரை அங்கேயே நின்றார்கள். புருசன்மார் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, இவள் வீட்டில் அவள் அல்லது அவள் வீட்டில் இவள் என்றுதான் பகல்கள் கழிந்தன.

சண்டை வராமல் இல்லை. புஸ்பராணி தன் மகன் ஜெயதீபனுக்கு ரஞ்சினியின் மகள் மயூராவைக் கேட்டாள். மயூரா மாட்டேன் என்றாள். அதில் தாய்மார் இருவரும் மாதக்கணக்காக முகம் பாராமல் இருந்தார்கள். ஒருநாள் ரஞ்சினிதான் வாசலில் வந்து நின்றாள். "எடியே, என்ர கார் ஸ்ரார்ட் ஆகுதில்லை, என்னைப் பல்லு டொக்டரிட்டை கொண்டுபோய் விடு," என்றாள். கார் நன்றாக இருந்ததென்று புஸ்பராணிக்குத் தெரியும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு புறப்பட்டாள். அதோடு அது முடிந்தது.

போன வருசம் ரஞ்சினி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனாலும் மயூரா பயந்துபோய், டூங்கபி வீட்டைப் பூட்டித் தாயை மெல்பேர்ணுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து போன்தான். முதலில் தினமும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். இப்போது புஸ்பராணி எடுத்தால்தான் உண்டு. எடுத்தாலும் மழை, குளிர், சாப்பாடு என்று ஒரு பேச்சு, உடனே "சரி, வைக்கட்டே?"

கடைசியில் இந்த நீங்கள்.

அடுத்த நாள் பார்க்க வந்த மகன் ஜெயதீபனைப் பிடித்தாள், கேத்திலை மறுபடி மறுபடி போட்டபடி. "என்னை மெல்பேர்ணுக்கு ஒருக்கால் அனுப்பிவிடு."

"ஏனம்மா, ஆருக்கும் சுகமில்லையோ?"

"ரஞ்சினி என்னோட மரியாதையாக் கதைக்கிறாள்."

அவன் சிரித்தான். "அது நல்லதுதானே. வாற மாசம் பிளைற் மலிவா இருக்கும், பாப்பம்."

வாற மாசம்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் ஒரு சின்னப் பெட்டியோடு சென்ரல் ஸ்ரேசனுக்குப் போய் மெல்பேர்ண் ரெயினில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ரெயின் புறப்பட்ட பிறகுதான் மகனுக்குச் சொன்னாள். போனில் அவன் கத்தியது பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரிக்கும் கேட்டது. கோல்பர்ன் ஸ்ரேசன் வரும்போது மயூராவுக்கு எடுத்தாள்.

"அன்ரி, தனியாவா வாறீங்கள்? ரெயினிலயா? நாள் முழுக்க இருக்கவேணுமே!"

"இருக்கிறன் பிள்ளை. எனக்கென்ன வேலை?"

இருக்க முடியவில்லை. கன்ரீன் பெட்டிக்கும் தன் ஆசனத்துக்கும் நடந்தாள். வொகா வொகாவில் இறங்கி மேடையில் நின்றுவிட்டு, விசில் ஊத முதல் பதறி ஏறினாள். யன்னலுக்கு வெளியே காய்ந்த புல்வெளியும் ஆடுகளும் திரும்பத் திரும்ப ஓடின. மயூரா பக்கத்தில் நிற்கிறபடியால் அப்படிக் கதைத்தாளோ? மருமகன் கீர்த்தனன் ஏதும் சொல்லியிருப்பானோ? விமான நிலையத்துக்கு வழியனுப்ப நான் போகாமல் விட்டது அவளைச் சுட்டிருக்குமோ? அன்று போகாததற்குக் காரணம் காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள். உண்மையில் அவளுக்கு அந்த இடத்தில் நின்று கையசைக்கப் பயமாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் சதர்ன் குரொஸ் ஸ்ரேசனில் மயூரா வந்து நின்றாள். வீடு டண்டினோங்குக்குக் கிட்ட. கதவைத் திறந்தவள் ரஞ்சினி. மெலிந்திருந்தாள். தலை நன்றாக வாரி, பொட்டு வைத்து, நேர்த்தியாக இருந்தாள்.

"வாங்கோ, வாங்கோ. உள்ளுக்கு வாங்கோ."

புஸ்பராணி செருப்பைக் கழற்றி நிமிர்ந்தாள். ரஞ்சினி அவள் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அந்த முகம் மெல்ல மெல்ல இளகியது.

"எடி... புஸ்பம்! நீயெல்லே! ஏன்டி சொல்லாமல் வந்தனி?"

"அம்மா, நான் மத்தியானமே சொன்னனான்," என்றாள் மயூரா. "அம்மா இப்ப இப்பிடித்தான் அன்ரி, நான் சொல்றதைக் காதில விழுத்துறேல்லை."

ரஞ்சினி அவளைக் கட்டிப்பிடித்தாள். இறுக்கமாக, நேரம் எடுத்து. சரி, கோபம் இல்லை என்று புஸ்பராணி நினைத்தாள். ஆனால் நெஞ்சு ஆறவில்லை.

மறுநாள் காலையில் மயூராவும் கீர்த்தனனும் வேலைக்குப் போனார்கள். ஒரே பேத்தி கன்பராவில் யூனிவர்சிற்றியில் படிக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். குசினி மேசையில் பாணும் சம்பலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது புஸ்பராணி கேட்டே விட்டாள்.

"என்னோட உனக்கு என்னடி கோபம்?"

"கோபமோ? எனக்கு என்ன கோபம்?"

"அப்ப ஏன் போனில எனக்கு நீங்கள் நாங்கள் எண்டு கதைச்சனி? போன ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் எப்பிடி, அங்கை மழையோ எண்டு. ஆரோ பிறத்தியாரோட கதைக்கிற மாதிரி."

ரஞ்சினி பாணைக் கீழே வைத்தாள். அவள் கண்கள் புஸ்பராணியின் வாயைப் பார்த்தன, பிறகு கண்ணைப் பார்த்தன.

"அது நீயோ?" என்றாள்.

புஸ்பராணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் தள்ளி வைத்தாள்.

"போன் அடிச்சா எடுக்கிறன்," என்றாள் ரஞ்சினி மெதுவாக. "குரல் வருது. ஆர் எண்டு பிடிபடுதில்லை புஸ்பம். ஒரு மாதிரி எல்லாக் குரலும் ஒண்டாக் கேக்குது. அதால ஆரெண்டாலும் நீங்கள் எண்டு கதைச்சுக்கொண்டு போவன். மழையோ, பிள்ளையள் சுகமோ எண்டு கேட்டா அவையே ஏதாவது சொல்லுவினம். அதில பிடிச்சிடுவன். அண்டைக்கு நீ ஒண்டும் சொல்லேல்லை. நான் உடனே வைச்சிட்டன்."

"நீயோ? குரல் தெரியாமல்? நீயோடி?"

"நான்தான்."

"மயூராவுக்குத் தெரியுமோ?"

"கடவுளே, வேண்டாம்!" ரஞ்சினி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவளுக்குத் தெரிஞ்சா டொக்டரிட்டை கொண்டுபோவாள். பிறகு வயசு போனவையின்ர ஹோம். ஆஸ்பத்திரியில அப்பிடியான சனத்துக்குத் தட்டு அடுக்கினது ஆர்? நாங்கள்தானே. மசிச்ச கிழங்கு, மசிச்ச கரட், விக்காமல் விழுங்கக் கட்டியாக்கின தண்ணி. கரண்டியால தீத்துவாங்கள், வாயைத் துடைப்பாங்கள். சத்தியம் பண்ணு, சொல்லமாட்டன் எண்டு."

அந்தப் பிடியும் அந்த முகமும் புஸ்பராணியை உலுக்கிவிட்டன. "சொல்லமாட்டன், விடு," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ரஞ்சினி எதுவும் நடவாதது மாதிரி எழும்பினாள். "வா, கடைக்குப் போட்டு வருவம். கத்தரிக்காய் வாங்கிப் பால்கறி வைப்பம்." சுவரில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தாள்.

கார் ஒழுங்கையிலிருந்து வெளியே வந்து பெரிய தெருவின் முனையில் நின்றது. தெரு வெறுமையாகக் கிடந்தது. ரஞ்சினி திருப்பவில்லை.

"ஏன்டி நிக்கிறாய்?"

"பொறு, வரும்."

ஒரு பஸ் வந்தது. அது கடந்ததும் ரஞ்சினி அதன் பின்னால் காரை விட்டாள். பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது இவளும் நின்றாள். பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்னை அழுத்திப் பிடித்தான். பஸ் போனதும் இவளும் போனாள். மறுபடி பஸ் நின்றது, இவளும் நின்றாள். இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்து, பஸ்ஸின் பின்கண்ணாடியை மட்டும் பார்த்தபடி இருந்தாள்.

"என்ன செய்யிறாய் ரஞ்சினி?"

"இந்தப் பஸ் கடைக்குத்தான் போகும். பின்னால போனா கடை வந்திடும்."

"உனக்குக் கடைக்கு வழி தெரியாதோ?"

"முந்தித் தெரியும்."

"திரும்பி வரேக்கை?"

"அங்கை நிண்டு அதே நம்பர் பஸ்ஸைப் பாத்து வருவன். ஒருக்கால் மட்டும் மாறிப் போச்சு. பஸ்ஸுகள் நிப்பாட்டிற பெரிய வளவுக்குள்ள போயிட்டன். ஒரு பெடியன் நல்லவன், வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டவன்." அவள் சிரிக்கப் பார்த்தாள்.

அடுத்த சந்தியில் மஞ்சள் விளக்கு விழுந்தது. பஸ் கடந்து போயிற்று. பஸ்ஸை விடக்கூடாதென்று ரஞ்சினி சிவப்புக்குள் காரை விட்டாள். வலப்பக்கத்திலிருந்து வந்த லொறி ஒன்று ரயர் கிறீச்சிட நின்றது. புஸ்பராணி வாய்விட்டுக் கத்தினாள்.

"நிப்பாட்டு! நிப்பாட்டடி! ஓரமா நிப்பாட்டு!"

கார் ஒரு மரத்தடியில் நின்றது. பஸ் தூரத்தில் சிறுத்து மறைந்தது. அதைப் பார்த்து ரஞ்சினி அழத் தொடங்கினாள்.

"இனி எப்பிடி வீட்டுக்குப் போறது?"

புஸ்பராணி இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தாள். "இஞ்சால வா. நான் காரை ஓடுறன்." போனில் வழி போட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"கேள் ரஞ்சினி. காலமை சொன்னதை நான் திருப்பி எடுக்கிறன். உனக்கு ஒண்டு நடந்தாலும் பரவாயில்லை எண்டு வைப்பம், தெருவில போற பிள்ளைக்கு ஒண்டு நடந்தா? இண்டைக்குப் பின்னேரம் மயூரா வருவாள். நீ சொல்லு. நீ சொன்னா நான் பேசாமல் பக்கத்தில இருப்பன். நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"சொன்னியெண்டா என்ர மூஞ்சியில முழிக்காத."

"முழிக்காட்டி விடு. முந்தியும் விட்டனாங்கள்தானே."

ரஞ்சினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. புஸ்பராணியும் சாப்பிடவில்லை. கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். வரவேற்பறைத் தலையணைகளை ஒழுங்காக்கினாள், பிறகு குலைத்து வேறு மாதிரி அடுக்கினாள். கையில் இருந்த காப்பைக் கழற்றினாள், போட்டாள். பின்வளவில் ரஞ்சினி போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது ஒருமுறை யன்னலால் தெரிந்தது. யாரோடு கதைக்கிறாள் என்று யோசித்தாள். நல்லது, மகளுக்குத் தானே சொல்கிறாளாக்கும் என்று கொஞ்சம் ஆறுதலும் பட்டாள்.

மயூரா வழக்கத்தைவிட வெள்ளென வந்தாள். கைப்பையை வைத்ததும் நேரே புஸ்பராணிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய குரல் மாறியிருந்தது. ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, கொஞ்சம் உரத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"அன்ரி, சாப்பிட்டனீங்களோ?"

"ஏன் பிள்ளை?"

"ஒண்டுமில்லை. அம்மா எனக்குப் போன் பண்ணினவ. காரில போகேக்கை எங்கை போறம் எண்டு தெரியாமல் பயந்து கத்தினீங்களாம். கார்ச் சாவியையும் பறிச்சு வைச்சிருக்கிறீங்களாம். நான் ஜெயதீபனோடையும் கதைச்சனான். கேத்திலைத் திரும்பத் திரும்பப் போடுறீங்களாம், சொல்லாமல் ரெயின் ஏறி வந்தீங்களாம். அவர் சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போறாராம். நீங்கள் பயப்பிடாதேங்கோ, என்ன?"

புஸ்பராணி திரும்பிப் பார்த்தாள். ரஞ்சினி குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

உண்மையை அந்தக் கணமே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் எடுத்தாள். ஆனால் 'எனக்கில்லை, அவளுக்குத்தான்' என்று சொல்லப்போகிற தன் குரல் எப்படிக் கேட்கும் என்று அவளுக்கே தெரிந்தது. எந்தக் கிழவியும் அப்படித்தான் சொல்லுவாள். அதோடு இன்னொரு பயமும் அவளைப் பிடித்தது. கேத்தில் போட்டது உண்மை. ரெயினில் வந்தது உண்மை. இரண்டு வீட்டிலும் எல்லாரும் அப்படி நினைத்தால், ஒருவேளை அப்படித்தானோ?

"அன்ரி, சும்மா ஒண்டு கேக்கிறன். இண்டைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"என்ன மாசம்?"

சொன்னாள். முகம் சுட்டது.

"வெரி குட். உங்கட வீட்டு விலாசம் சொல்லுங்கோ பாப்பம்."

நார்த்மீட் என்று வாய் வரை வந்தது. தெருவின் பெயர் வரவில்லை. இந்த யூனிற்றுக்கு மாறிய பிறகு பதினெட்டு வருசம் இருந்த தெரு. கண்ணுக்குள் தண்ணீர் முட்டியது. அதைக் காட்டக்கூடாதென்று மேசை விரிப்பில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயூரா பொறுமையாகக் காத்திருந்தாள். அந்தப் பொறுமையைத்தான் புஸ்பராணியால் தாங்கமுடியவில்லை.

குழாய் நின்றது.

"அவளை விடு பிள்ளை," என்றாள் ரஞ்சினி.

"அம்மா, நீங்கள் இருங்கோ."

"அவளை விடு எண்டு சொல்றன்! அவளுக்கு ஒண்டுமில்லை. வெக்கத்தில வாய் அடைச்சுப்போய் இருக்கிறாள்." ரஞ்சினி ஈரக் கையோடு வந்து மேசையின் அந்தப் பக்கத்தில் நின்றாள். "என்னைக் கேள். என்ன கிழமை எண்டு என்னைக் கேள். இப்ப அவள் சொன்னவள், அதுக்குப் பிறகும் எனக்குத் தெரியாது. மாசமும் தெரியாது. நீ போனில கதைச்சா உன்ர படம் வாறதாலதான் நீ எண்டு தெரியும். நான் பஸ்ஸுக்குப் பின்னால கார் ஓடுறனான் மயூரா."

மயூரா தாயைப் பார்த்தாள், புஸ்பராணியைப் பார்த்தாள். அவளுடைய குரலில் இருந்த அந்த உரத்த நிதானம் எங்கேயோ போய்விட்டது. "அம்மா, என்ன சொல்றீங்கள்?" என்று கேட்டபோது அவள் பத்து வயதுப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

புஸ்பராணி எழும்பிப் போய் ரஞ்சினியின் கையைப் பிடிக்கவில்லை. கதிரையை மட்டும் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். ரஞ்சினி அதில் இருந்தாள். அதன் பிறகு எல்லாவற்றையும் தானே சொன்னாள், விட்டு விட்டு. மறந்த இடங்களில் புஸ்பராணியைப் பார்த்தாள். புஸ்பராணி எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஜெயதீபன் வந்தான். ஏற்கெனவே ரிக்கற் எடுத்துவிட்டான், வேலைக்கும் லீவு போட்டுவிட்டான். புஸ்பராணி அவனோடு போனாள். அவளுக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை என்பதுதான் உண்மை. மகளுக்கு முன்னால் விசரியாக்கிவிட்டாளே என்ற எரிச்சல் விமானம் ஏறும்வரை இருந்தது. ரஞ்சினி மன்னிப்புக் கேட்கவில்லை. வாசலில் நின்று, "போட்டு வா," என்று மட்டும் சொன்னாள். இவள், "ம்," என்றாள்.

நார்த்மீட்டுக்கு வந்ததும் கோபம் எங்கேயோ கரைந்துபோய்விட்டது. அது இருந்த இடத்தில் பழைய தவிப்பு வந்து உட்கார்ந்தது. சாமிப்படத்துக்கு முன்னால் நின்றால் வாய் தேவாரம் சொல்லும், மனம் டண்டினோங்கில் நிற்கும். போனை எடுப்பாள், வைப்பாள். எடுத்து என்ன சொல்வது? குரல் தெரியாதே. வீடியோவில் முகத்தைக் காட்டிக் கதைக்கலாம் என்று மருமகள் தாரகா சொல்லிக் கொடுத்தாள். ரஞ்சினி போனைப் பிடிக்கிற பிடியில் அவள் நெற்றியும் கூரை விளக்கும்தான் தெரியும். அந்த நெற்றியோடு எவ்வளவு நேரம் கதைப்பது?

ஒருநாள் மயூராவே எடுத்தாள்.

"அன்ரி, அண்டைக்கு நான் உங்களை அப்பிடிக் கேட்டது..."

"அதை விடு பிள்ளை. இப்ப என்ன?"

"ஸ்பெசலிஸ்ற்றிட்டை போனனாங்கள். தொடக்கம்தானாம். மருந்து தந்திருக்கினம். ஆனால் அம்மா டொக்டருக்கும் பொய் சொல்றா, எனக்கும் பொய் சொல்றா. நல்லாச் சாப்பிட்டன், நல்லா நித்திரை கொண்டன் எண்டு. எங்களுக்கு முன்னால ஒரே நடிப்பு. உங்களிட்டை மட்டும்தான் உண்மை சொன்னவ." மயூராவின் குரல் உடைந்தது. "நான் மகள் அன்ரி. என்னட்டை முதல்ல சொல்லேல்லை."

"மகளெண்டபடியாத்தான் சொல்லேல்லை," என்றாள் புஸ்பராணி. அதற்கு மேல் அவளுக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை.

மறுபடியும் பெட்டி அடுக்கினாள். இம்முறை பெரிய பெட்டி, குளிருடுப்புகளோடு. ஜெயதீபன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களை விசர் எண்டு சொன்ன மனுசியிட்டையோ போறீங்கள்?"

"பயத்தில சொன்னவள். அவளின்ர இடத்தில நான் இருந்திருந்தா ரெண்டு கூடவே சொல்லியிருப்பன்."

"எத்தினை நாளைக்கு அம்மா?"

"தெரியாதடா."

"உங்களுக்கும் வயசு போகுது. அங்கை போய் நீங்கள் விழுந்தா?"

"விழுந்தா எழுப்ப அவள் இருக்கிறாள்தானே," என்று சொல்லிவிட்டு, சொன்னதைக் கேட்டுத் தானே சிரித்தாள். அவனும் வேறு வழியின்றிச் சிரித்தான். பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தான்.

அந்தக் குளிர்காலத்தில் புஸ்பராணி பேத்தியின் அறையில் தங்கினாள். பொங்கலுக்கு நார்த்மீட்டுக்கு வந்தாள், இருப்புக் கொள்ளாமல் திரும்பவும் போனாள். எந்த ஊரில் இருந்தாலும் மற்ற ஊரில் அடுப்பை அணைக்காமல் வந்த மாதிரி ஒரு பதற்றம். சிட்னியில் நின்றால் ரஞ்சினி மருந்து குடித்தாளோ என்று கிடக்கும். மெல்பேர்ணில் நின்றால் தன் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று காய்ந்துவிட்டதோ என்று கிடக்கும். நல்ல நாட்களும் வந்தன, கெட்ட நாட்களும் வந்தன. ஒரு கெட்ட நாளில் ரஞ்சினி அவளைத் தன் செத்துப்போன அக்கா என்று நினைத்து, ஏன் என்னை விட்டுட்டுப் போனனி என்று கேட்டு அழுதாள். புஸ்பராணி அக்காவாகவே இருந்து கொஞ்ச நேரம் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு குளியலறைக்குள் போய் அழுதாள். வெளியே வந்தபோது ரஞ்சினி, "எங்கையடி போனனி, தேத்தண்ணி ஆறுது," என்று அதட்டினாள்.

சனிக்கிழமைகளில் மயூரா இருவரையும் டண்டினோங் சந்தைக்குக் கூட்டிப்போவாள். அங்கே சனம் நெரியும். ஆப்கான்காரரும் வியட்நாம்காரரும் தமிழரும் ஒரே கடையில் ஒரே மிளகாய்க் குவியலுக்குள் கைவிடுவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை மயூரா மீன் பக்கம் போனாள். புஸ்பராணி கத்தரிக்காய் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே, ஒரு கண்ணை ரஞ்சினியின் சிவப்புக் கோட்டில் வைத்திருந்தாள். கோட் ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் மறைந்தது. அவள் பையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். மறுபடி தெரிந்தது. ரஞ்சினி திரும்பி வந்து பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது? எல்லாம் முத்தல். உள்ளுக்குக் கொட்டைதான் இருக்கும்." ஒவ்வொன்றாக எடுத்துக் குவியலில் திருப்பிப் போட்டாள். காம்பை நகத்தால் கிள்ளிப் பார்த்து, தோலை அமத்திப் பார்த்து, வேறு எடுத்தாள். கடைக்காரன் முறைத்தான். அவள் கணக்கெடுக்கவில்லை.

"கெதியாப் பாரடி, மயூரா தேடப்போறாள்," என்றாள் புஸ்பராணி.

"தேடட்டும். முத்தல் கத்தரிக்காயில பால்கறி வைச்சு ஆருக்குக் குடுக்கப்போறாய்? தள்ளு அங்காலை."

புஸ்பராணி தள்ளி நின்றாள். பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.